இந்திய பாஸ்டர் நிறுவனம், குன்னூர்

இந்திய பாஸ்டர் நிறுவனம் என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டம், குன்னூரில் அமைந்துள்ள பொதுநல மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஆகும். 1907 ஆம் ஆண்டு தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் என்ற பெயரில் இது தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடி நோய்க்கு (ரேபிஸ்) மருத்துவம் அளிப்பதும் அதற்கான தடுப்பு மருந்தை உருவாக்குவதும் இதன் முதன்மை நோக்கங்களாக இருந்தன. பின்னர் ஒட்டுண்ணி நோய்கள், சத்துக்குறைவு நோய்கள், இன்ஃபுளுவென்சா ஆகியவை குறித்த ஆய்வுகளும் இங்கு நடைபெற்றன. இன்றைய கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டுக்கு மிக அருகில் இருந்த வெறிநாய்க்கடி மருத்துவ நடுவம் இதுவே.

பின்னணி

வெறிநாய்க்கடி நோய் ஒரு தீநுண்மத்தால் ஏற்படுகிறது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் உள்ள தீநுண்மம், கடித்த காயத்தின் வழியே உடலுள் சென்று, நரம்புகள் வழியாக மெதுவாக மூளையை அடைகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகின்றன. நோய்க்குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிகமிக அரிது. ஆனால் கடிபட்டவுடன் தடுப்பூசி போடத் தொடங்கினால், தீநுண்மம் மூளையை அடையும் முன்பே உடல் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடும். எனவே இந்நோயில் உயிர் பிழைப்பது மருந்து எவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டு சூலை 6 அன்று சோசப் மைசுட்டர் என்ற சிறுவனுக்கு இம்மருத்துவத்தை முதன்முதலாக அளித்தார். இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900 இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் கடிபட்டவர்களுக்கு அது எட்டாத் தொலைவில் இருந்தது.

வரலாறு

1902 இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் நீர்வெறுப்பு நோயால் இறந்தார். இந்த இறப்பே தெற்கில் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுவூட்டியது. அமெரிக்க வள்ளலான என்றி பிப்சு, அப்போதைய வைசுராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி பீகாரின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும், மற்றொரு பகுதி குன்னூர் நிறுவனத்துக்கும் பயன்பட்டது. மருத்துவர் ஜே. டபிள்யூ. கார்ன்வால் இதன் தொடக்ககால இயக்குநராக இருந்தார்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 1899 இலேயே மலை இரயில் ஓடத் தொடங்கியிருந்ததால், சமவெளியில் கடிபட்டவர்கள் இரயிலிலேயே குன்னூரை அடைய முடிந்தது.

1977 ஆம் ஆண்டு பிப்ரவரி 10 முதல் இந்நிறுவனம் இந்திய பாஸ்டர் நிறுவனம் என்ற பெயரில், நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி அமைப்பாக இயங்குகிறது.

வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து

கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911 இல் ஒரு புதிய தடுப்பு மருந்தை உருவாக்கினார். தீநுண்மத்தை ஆட்டின் மூளையில் வளர்த்து, அம்மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்துத் தீநுண்மத்தைச் செயலிழக்கச் செய்வது இதன் முறை. இம்மருந்தைச் சேமித்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிந்தது. இதனால் நோயாளி மலையேறிச் செல்லும் நிலை மாறி, மருந்து மாவட்ட மருத்துவமனைகளைத் தேடி வரும் நிலை உருவாயிற்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று மக்கள் இன்றும் நினைவுகூர்வது இவ்வகை மருந்தையே.

இம்மருந்தில் ஒரு பெருங்குறை இருந்தது. அதில் கலந்துள்ள ஆட்டு மூளைத் திசுவுக்கு எதிராக உடல் செயற்படத் தொடங்கி, சிலருக்குப் பக்கவாதம் உள்ளிட்ட நரம்புக் கோளாறுகள் ஏற்பட்டன, சிலர் இறந்தனர். நரம்புத் திசு மருந்துகளைக் கைவிடுமாறு உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 1984 இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் இவற்றின் உற்பத்தி 2004 இன் இறுதியில்தான் நிறுத்தப்பட்டது. விலை குறைவு என்பதே இவை நீடித்ததற்கு முதன்மைக் காரணம். நரம்புத் திசுவுக்கு மாற்றாக, வேரோ எனப்படும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் தீநுண்மத்தை வளர்த்துச் செய்யும் தடுப்பு மருந்தைக் குன்னூர் நிறுவனமும் உருவாக்கியது.

உயிரணு வளர்ப்பு மருந்தின் விலை ஏழைகளுக்குத் தடையாக இருந்தது. இந்த மருந்தைத் தோலினுள் சிறிய அளவில் செலுத்தும் முறைக்கு 2006 இல் இந்தியாவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மில்லிலிட்டர் வீதம், 0, 3, 7, 28 ஆம் நாட்களில் இது போடப்படுகிறது. தசையில் போடுவதைவிட மிகக் குறைந்த மருந்தே இதற்குத் தேவைப்படுகிறது.

பிற ஆய்வுகள்

* கருங்காய்ச்சல் (காலா அசார்): இந்நோயின் ஒட்டுண்ணியை 1903 இல் சென்னையில் சார்லசு டோனவன் கண்டார். அதைப் பரப்புவது மூட்டைப்பூச்சியாக இருக்கலாம் என்ற கருத்தைக் கார்ன்வால் குன்னூரில் ஆய்வு செய்தார். மணல் ஈயே நோயைப் பரப்புகிறது என்பது 1942 இல் சுவாமிநாத், சார்ட்டு, ஆண்டர்சன் ஆகியோரின் ஆய்வால் உறுதியானது.
* சத்துக்குறைவு நோய்கள்: 1918 இல் இராபர்ட்டு மெக்காரிசன் இங்கு ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அவ்வாய்வகம் வளர்ந்து 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.
* இன்ஃபுளுவென்சா: 1957 ஆம் ஆண்டின் உலகளாவிய பரவலின்போது, இங்கிருந்த இன்ஃபுளுவென்சா நடுவம் இந்தியாவில் நோய் பரவிய விதத்தை ஆவணப்படுத்தியது.

உரிம இடைநிறுத்தம்

நல்ல உற்பத்தி நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை எனக் கூறி, 2008 சனவரியில் குன்னூர், கசௌலி, சென்னை கிண்டி ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பு மருந்து நிறுவனங்களின் உற்பத்தி உரிமங்கள் இடைநிறுத்தப்பட்டன. தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்கு மலிவாக மருந்து வழங்கி வந்த நிறுவனங்கள் மூடப்பட்டதால் தட்டுப்பாடு ஏற்படும் என்று பொதுநல வல்லுநர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2010 இல் இந்த இடைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன்பின் குன்னூரில் புதிய நெறிமுறைகளுக்கு ஏற்ற உற்பத்திக் கூடம் அமைக்கப்பட்டது.

திருப்பூர் பகுதியில் நாய்ச் சிக்கல்

தடுப்பு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்திலும் நாய்க்கடிகள் குறையவில்லை. பின்னலாடைத் தொழிலால் பெருகிய திருப்பூரைச் சுற்றி, காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் வட்டாரங்களில் ஆடு வளர்ப்பு முதன்மைத் தொழிலாக உள்ளது. கிளுவை வேலியிட்ட கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களிலும் பட்டிகளிலும் ஆடுகள் அடைக்கப்படுகின்றன. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து இவ்வாடுகளைக் கடித்துக் கொன்றதால், விவசாயிகள் இறந்த ஆடுகளுடன் போராட்டம் நடத்தினர். தெருநாய்களால் கொல்லப்படும் கால்நடைகளுக்கு இழப்பீடு வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025 இல் அறிவித்தது.

இத்தகைய தாக்குதல்களில் பெரும்பாலானவை இரைக்காக நிகழ்பவை. ஒவ்வொன்றும் வெறிநோயின் அறிகுறி அல்ல. எனினும் வெறிநாய் கடித்த ஆடு மாடுகளுக்கும் இந்நோய் வரும். அவற்றின் வாயைத் திறந்து மருந்து கொடுப்பவர் உமிழ்நீர் வழியாகத் தொற்றுக்கு ஆளாகலாம். நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. நாய்வழி வெறிநோய் இறப்புகளை 2030 க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டம் 2021 செப்டம்பர் 28 அன்று வெளியிடப்பட்டது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,700 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டுள்ளது.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

* காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும்.
* சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி போன்றவற்றைக் காயத்தில் பூசக் கூடாது.
* அன்றே தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். நாட்கள் கடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
* தோல் கிழிந்து குருதி வந்த காயங்களுக்கு, தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும். தடுப்பூசியின் பயன் தொடங்கும் வரை இதுவே காப்பு.
* ஆடு, மாடு, பூனை, குரங்கு கடித்தாலும் மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வெறிநாய்க்கடி நோய்
* லூயி பாஸ்டர்
* நீலகிரி மலை இரயில்
* திருப்பூர் மாவட்டம்