கடல் கடந்து கற்ற ஆசிரியர்

ஆசிரியனாவதற்கு நூலறிவு மட்டும் போதாது. கற்பிக்கும் முறையையும் கற்றல் வேண்டும். இவ்வுண்மையை ஜப்பானியர் நன்குணர்ந்திருந்தனர். 1875-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்வி இலாகா, போதனாமுறை பயிலும்பொருட்டு மூன்று வாலிபரை அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. அவருள் ஒருவர் தகாமினே ஹிதேயோ. 1868-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரில் தோற்று, நிலமும் பதவியும் இழந்த ஐஸு சமஸ்தானத்து வீரர் குடியிற் பிறந்தவர் இவர்.

நியூயார்க் மாகாணத்து ஆஸ்வீகோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இவர் சேர்ந்தார். வெறும் மனப்பாடத்தை விடுத்து, பொருளை மாணாக்கன் கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் அறியச் செய்யும் பெஸ்டலாஸியின் முறை அங்கே போதிக்கப்பட்டது. இவர் தங்கியிருந்த இல்லத்துக்குரிய ஆசிரியர் ஹெர்மன் க்ரூஸியோ, அப்பெரியாருடன் உழைத்தவரின் புதல்வர். ஆதலின் பள்ளியிற் கேட்டதை வீட்டிலும் ஆராயும் பேறு இவர்க்குக் கிட்டிற்று.

1878-இல் தாயகம் மீண்ட தகாமினே, தோக்கியோ ஆசிரியர் பள்ளியில் அம்முறையைப் பரப்பி, 1881-இல் அதன் தலைவராயினார். 1886-இல் அப்பள்ளியே நடுத்தரப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றும் உயர்தர ஆசிரியர் கல்லூரியாயிற்று. பின்னர் அதற்கும் அவர் தலைமை பூண்டார்.

வெளிநாடு சென்று வைத்தியமும் இயந்திரத் தொழிலும் கற்க விழையும் இளைஞர்க்கு நம் செல்வர் மனமுவந்து உதவுகின்றனர். ஆசிரியப் பயிற்சியை நாடுவோர்க்கும் அவ்வாறே உதவுதல் கடனன்றோ? நல்லாசிரியர் ஒருவரின் பயன் பல தலைமுறைக்கும் நிற்பதாகலின், நம் கல்வி நிதியில் ஒரு பங்கேனும் இதற்கென ஒதுக்குவோமாக!