தேரில் தொங்கும் ரெபெக்காள்

கியோட்டோவின் ஷிஜோ தெருவில் ஜூலை 17ஆம் தேதி காலை தேர்கள் புறப்படும். கியோன் திருவிழாவின் முதல் ஊர்வலம் அது. பெரும்பாலான தேர்களுக்குச் சீட்டுப் போட்டுத்தான் வரிசை முடிவாகும். கன்கோ-போகோவுக்கு அந்தக் கவலை இல்லை, எந்த வருஷமும் ஐந்தாவது இடம்தான்.

சீனத்துக் கதையொன்றின் பேரில் எழுந்த தேர் இது. சேவல் கூவும்வரை கதவு திறக்காத கணவாய் ஒன்று. எதிரிகள் துரத்த, நள்ளிரவில் அங்கே வந்து சேர்கிறார் ஒரு பிரபு. அவருடைய ஆள் ஒருவன் சேவல் மாதிரியே கூவ, ஊர்ச் சேவல்களும் சேர்ந்து கூவ, கதவு திறந்துவிடுகிறது. அந்தக் கணவாயின் பெயர்தான் தேருக்கு.

தேரின் முகப்பில் தொங்கும் சீலைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. அது பதினாறாம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியத்துப் பகுதியில் கம்பளி நூலால் நெய்த சித்திரச் சீலை. குடம் வைத்திருக்கும் ஒரு பெண் தண்ணீர் கொடுக்கிறாள். வேதாகமம் படித்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்: ஆதியாகமத்து ரெபெக்காள். விழாக் குறிப்புகள் பலவும் அவள் ஈசாக்குக்குத் தண்ணீர் கொடுப்பதாகச் சொல்கின்றன. கிணற்றடியில் குடித்தது ஈசாக்கு அல்ல, அவனுக்குப் பெண் தேடிப் போன ஊழியக்காரன். நூற்றாண்டுக் கணக்கில் கூடவே இருந்தும் விருந்தாளியின் கதையை யாரும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை!

கேட்காததும் நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. சீலை இந்தத் தேருக்குக் காணிக்கையாக வந்தது 1718இல். ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலம். நாகசாகியில் இயேசு, மரியாள் உருவங்களைக் காலால் மிதிக்கச் சொல்லி ஆட்களைச் சோதித்தார்கள். தடையை அறிவித்த பலகைகள் 1873இல்தான் இறங்கின. அதே காலத்தில் இங்கே வேதாகமக் காட்சி நடுத்தெருவில், பட்டப்பகலில் போயிருக்கிறது. கியோட்டோ வணிகர்கள் நெசவு தெரிந்தவர்கள். கதையை விட்டுவிட்டு நூலையும் சாயத்தையும் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். அதே விழாவின் கோய்-யாமா என்ற இன்னொரு தேரில் டிராய் யுத்தக் காட்சி நெய்த பிரஸ்ஸல்ஸ் சீலை ஒன்று இருக்கிறது. அதை ஒன்பது துண்டாக வெட்டி, தேரின் அளவுக்குத் தைத்துக்கொண்டார்கள். கத்தரிக்கோல் எடுத்தவருக்கு ஹோமர் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த விழாவே வெளியூர் நினைவோடு பிறந்ததுதான். கியோன் என்ற பெயர், புத்தர் தங்கிய சிராவஸ்தியின் ஜேதவனத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயரிலிருந்து வந்தது. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் மாகாணங்களுக்கு ஒன்றாக 66 ஈட்டிகளை நாட்டி வழிபட்டதாகச் சொல்வார்கள். ‘போகோ’ என்பது அந்த ஈட்டிதான். தேருச்சியில் வானத்தைக் குத்தி நிற்கும் கம்பம் அதன் வாரிசு. 1533இல் ஷோகுன் அரசு கோயில் சடங்குகளை நிறுத்தியபோது, சடங்கு இல்லாவிட்டாலும் எங்கள் தேர் ஓடட்டும் என்று தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். தேர் கோயிலுடையது அல்ல, தெருவுடையது.

1788இல் நகரத்தைத் தின்ற பெருந்தீயில் கன்கோ-போகோவும் எரிந்தது. சீலை மட்டும் தப்பியது. தேரில்லாத தேர்ச்சீலை! மடித்து வைத்த துணி, காத்துவைத்த கைகள், நடுவே ஒரு தலைமுறையே கடந்துபோனது. தேரை மறுபடி கட்டி முடித்தது 1839இல். தேரில் அமரும் சிறுவனுக்குப் பதிலாகப் பொம்மையை அமர்த்தும் வழக்கத்தையும் அப்போது இந்தத் தெருதான் தொடங்கியது.

இப்போது மூலச் சீலையைப் பத்திரப்படுத்திவிட்டு, அதைப் பார்த்து நெய்த புதியதைக் கட்டுகிறார்கள். மழை வந்தால் அதன்மேலும் பிளாஸ்டிக் உறை.

தேர் நாற்சந்திக்கு வருகிறது. திருப்ப முடியாத மரச்சக்கரங்கள், பத்து டன்னுக்கு மேல் பாரம். பிளந்த மூங்கில் பத்தைகளைச் சக்கரத்தடியில் பரப்பி, வாளியால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முகப்பில் நிற்பவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுக்க, வடம் பிடித்தவர்கள் பக்கவாட்டில் ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். பாரம் கிறீச்சிட்டு வழுக்குகிறது. மறுபடியும் மூங்கில், மறுபடியும் தண்ணீர். கீழே ஒருவர் வாளியைச் சாய்க்கிறார், மேலே ரெபெக்காள் குடத்தோடு நிற்கிறாள்.