உள்ளேன் ஐயா



காலையில் பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பீர்கள். நான் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வேன். முப்பது வருடத்துக்கு மேல் செய்த வேலை. அந்தக் குறி கல்லூரி வாசல் வரை கூடவே வரும் என்று அன்று எனக்கே தெரியாது.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். 1956-ல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். சோறு கிடைத்தது, பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் நம் திருத்தணி அப்போது ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. காமராசர் போட்ட சோறு அன்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லை. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அந்தப் போராட்டத்தை நடத்திய ம.பொ.சி., வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். "எட்டாவதாவது முடிக்கட்டும் அம்மா" என்று தறி வீடுகளில் பேசி, நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளை நான் அழைத்து வந்ததுண்டு.

அதுவரை பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்கத்தான் திட்டங்கள். 2020-ல் கணக்கு மாறியது. எந்தப் பள்ளியில், எத்தனை வருடம் படித்தாய் என்பதே தகுதி ஆனது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மறு வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே தருகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று, நம் மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாளில், அந்தத் திருமண உதவித் திட்டமே புதுமைப் பெண் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம், கல்லூரிக்கு மாதம் 1,000 ரூபாய் ஆனது. 2024-ல் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், என்னிடம் படித்த ஒரு மாணவன் அந்த 2022-ல் போன் செய்தான். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். பொறியியல் ஆசை. ஆனால் ஏழாம் வகுப்பு ஒரு வருடம் மட்டும் நகரியில் பாட்டி வீட்டில் இருந்து, அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்கிறாள். நமக்கும் நகரிக்கும் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் அது ஆந்திரா. ஏழு வருடத்தில் ஒரு வருடம் குறைந்தது, ஒதுக்கீடு இல்லை.

அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அன்று இப்படி ஒரு சட்டமே கிடையாது. யாரையும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். நன்றாகத்தான் படித்தாள்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம்மில் பாதிப் பேருக்கு எல்லைக்கு அந்தப் பக்கமும் சொந்தம் உண்டு. "ஒரு வருஷம்தானே" என்று பிள்ளையை அங்கே சேர்ப்பதற்கு முன்பும், ஆறாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன்பும், தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

அன்று சோறு கிடைக்காமல் போனதும் அந்தக் கோட்டால்தான், இன்று சீட்டு கிடைக்காமல் போனதும் அதே கோட்டால்தான். கோட்டை நம்மால் நகர்த்த முடியாது. பிள்ளை எந்தப் பக்கம் நின்று "உள்ளேன் ஐயா" சொல்கிறது என்பதையாவது நாம் பார்த்துக்கொள்ளலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்