உருளை இழுத்த சிறுவன்

இன்று புணே என வழங்கும் பூனா நகரம், பேஷ்வாக்களின் தலைநகராகவும் கல்விக்கூடங்களின் உறைவிடமாகவும் புகழ் பெற்றது. விளையாட்டிற்கும் கலைக்கும் அந்நகரம் அளித்த செல்வர்கள் பலர். இளந்திறமையை ஒரு சமுதாயம் எவ்வாறு வளர்க்கிறது, எவ்வாறு தடுக்கிறது என்னும் இரண்டையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை ஒன்று அவர்களுள் உண்டு. அது பல்வங்கர் பாலு என்ற கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை.

பாலு தோல் தொழிலுக்குரிய சமூகத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் இராணுவத்தில் ஊழியம் புரிந்தமையால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. வெள்ளை அதிகாரிகள் கழித்தெறிந்த மட்டையும் பந்துமே பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் ஆசிரியர்களாயின. பார்சிகளின் சங்கம் ஒன்றில் மாதம் 3 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கிவந்த பாலு, 1892இல் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்ச் சம்பளத்திற்கு அமர்ந்தார். உருளை இழுப்பதும், கோடு போடுவதும், வலை கட்டுவதுமே அவர் வேலைகள்.

அவ்வலையில் மட்டை பிடித்துப் பயில வந்தவர்களுக்குப் பந்து வீசும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. சிறந்த ஆட்டக்காரரான கிரெய்க் என்னும் அதிகாரி, தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா அளித்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. நாள்தோறும் மணிக்கணக்காக வீசி வீசியே, இடக்கை மெதுபந்து வீச்சில் நிகரற்ற தேர்ச்சி பெற்றார் பாலு. ஆயினும் அவரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. பிறர் பயிற்சிக்காக அமர்த்தப்பட்ட ஏவலாள், அப்பயிற்சியிலேயே தாமும் பயின்றுகொண்டார், அவ்வளவே.

பூனாவின் இந்துக்கள், ஐரோப்பியரை வெல்ல விரும்பியபோது இவ்வேவலாளை நினைந்தனர். அவரைச் சேர்ப்பதா என்று தர்க்கம் எழுந்தது. முடிவில் வெற்றியின் தேவை வென்றது. பாலு அணியில் இடம்பெற்றார். ஆனால் ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவரை வெளியே நிறுத்தினர். மற்றவர்க்குப் பீங்கான் கோப்பை, அவருக்கோ மண்கலயம். உணவும் தனியிடத்திலேயே.

பின்னர் பம்பாய் சென்ற பாலு அங்கும் ஒளிவீசினார். 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்ற அணியில் பாலுவும் சிவராமும் இருந்தனர். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோல்வியே கண்டது. எனினும் அப்பயணத்தில் பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்துணைப் பெருமை பெற்றும் இந்து அணியின் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. 1920இல் சிவராமும் மற்றொரு தம்பி விட்டலும் இதனை எதிர்த்து அணியிலிருந்து விலகினர். அப்போராட்டத்தின் பயனாகப் பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் தலைமையேற்றார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். அண்ணனுக்கு மூடியிருந்த கதவு தம்பிக்குத் திறந்தது.

கலைத்துறையிலும் இதே நகரம் நமக்கொரு பாடம் தருகிறது. பாஸ்கர்புவா பக்லே இளமையில் நாடக மேடையில் பாடிப் புகழ்பெற்றவர். குரல் உடைந்ததும் அவ்வாய்ப்பை இழந்தார். அவருக்குக் கைகொடுத்தவர்கள் நத்தன் கான் முதலிய முஸ்லிம் உஸ்தாதுகள். மதம் கருதாது தமக்குக் கிடைத்ததை மறவாத பாஸ்கர்புவா, பாலு இங்கிலாந்தில் ஆடிய அதே 1911இல், பூனாவில் பாரத் காயன் சமாஜ் என்னும் சங்கீதப் பள்ளியை நிறுவினார். குருவின் இல்லத்தில் தங்கி நெடுங்காலம் காத்திருந்து பெறவேண்டிய வித்தை, பள்ளியின் வாயிலாகப் பலருக்கும் எட்டியது.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்புநோக்கினால் உண்மை புலனாகும். திறமைக்கு வேண்டுவன மூன்று: பயிலும் இடம், ஆடும் வாய்ப்பு, அடைந்த தகுதிக்குரிய மதிப்பு. பாலுவுக்கு முதலாவது தற்செயலாய்க் கிடைத்தது. இரண்டாவது பிறர் தேவையால் கிடைத்தது. மூன்றாவதோ போராடியும் முழுமையாகக் கிட்டவில்லை. 1955இல் அவர் மறைந்தார்.

1994இல் தேசிய விளையாட்டுக்களுக்காகப் புணேயின் பாலேவாடியில் பெரியதொரு விளையாட்டரங்கம் எழுந்தது. அத்தகைய அரங்கங்கள் நமக்கு இன்னும் பல வேண்டும். ஆனால் அரங்கம் அமைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. பயிற்சிக்கு வருவோரை மட்டுமன்றி, அங்கே புல் செதுக்குவோரின் பிள்ளைகளையும், உருளை இழுக்கும் சிறுவனையும் நாம் நோக்க வேண்டும். அவன் கையிலும் ஒரு பந்தைக் கொடுத்து, ஆட்டம் முடிந்தபின் நம்மோடு ஒரே பந்தியில் அமர்த்துவோமாயின், திறமையைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.