வேடந்தாங்கல் கௌல்

போன மாதம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, வேடந்தாங்கல் சரணாலயத்தை ஆரம்பிச்சது யாரு?" அவள் பாடப் புத்தகத்தில் அரசாங்கம் என்று இருந்ததாம். நான் சொன்னேன், "அரசாங்கம் இல்லேம்மா, ஊர்க்காரங்க."

நம் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் தாங்கல் என்றால் சின்ன ஏரி என்று எல்லோருக்கும் தெரியும். வேடர்கள் வந்து போன தாங்கல் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். வேட்டையாடிய இடமே பறவைக்குப் புகலிடமானதுதான் இந்த ஊரின் சரித்திரம்.

கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டுக்கொண்டு போவார்களாம். ஊரார் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆட்சியரிடம் முறையிட்டார்கள். அப்போது செங்கல்பட்டு சீமையின் ஆட்சியர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் அதே துரைதான். அவர் காலத்தில், 1798-ல், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊருக்கு ஒரு கௌல் கிடைத்தது. 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சரணாலயம் என்ற அங்கீகாரம் வந்தது. காட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-ல்தான். அதற்கு 174 வருஷம் முன்னாலேயே இவர்கள் கையில் கௌல் இருந்திருக்கிறது!

ஊராருக்கு இதில் என்ன லாபம்? 1970-களில் முதல் தடவை போனபோது, கரையில் நின்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, இந்தத் தண்ணி பாய்ஞ்சா எருவே போட வேணாம்" என்றார். கடப்ப மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாவற்றின் எச்சமும் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்தத் தண்ணீர்தான் மதகு வழியே நெல்வயலுக்குப் போகிறது. நத்தைகுத்தி வயலில் இறங்கி நத்தையைத் தின்றுவிட்டுத் திரும்பும். வயல் பறவைக்குச் சோறு போடுகிறது, பறவை வயலுக்கு உரம் போடுகிறது.

ஏரி மட்டும் ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். கூடு இங்கே, இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும். அதனால்தான் 1998-ல் சுற்றிலும் 5 கிலோமீட்டரைச் சரணாலயத்தில் சேர்த்தார்கள். 2020-ல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏரியைத் தொடவில்லையே என்று சிலர் சொன்னார்கள். வீட்டை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குடியானவன் எப்படிப் பிழைப்பான்? எதிர்ப்பு கிளம்பியது, யோசனை கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

வனத்துறை ஏரிக்குள் மரக்கன்று நடுகிறது, நல்ல காரியம். ஆனால் மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷம் எத்தனை மரம் இருந்தும் பறவை தங்காது. வரத்துக் கால்வாயும் சுற்றியுள்ள வயலும் இருந்தால்தான் சரணாலயம்.

கார்த்திகை, மார்கழியில் பேரப்பிள்ளைகளோடு போய் வாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கரையில் நின்றால், இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். அவை வரும் திசையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காப்பாற்ற வேண்டியது அந்தப் பக்கமும்தான்.