மதில் மட்டும் போதுமா?

கி.மு. 587-இல் பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசரின் படை எருசலேமை அழித்தது. சாலமோன் கட்டிய கோவில் தீக்கிரையானது, மக்கள் நாடுகடத்தப்பட்டனர். கி.மு. 539-இல் பாரசீக மன்னர் சைரசு பாபிலோனைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டே யூதர்கள் தாயகம் திரும்ப அனுமதி அளித்தார். திரும்பியவர்கள் 42,360 பேர் என்கிறது எஸ்ரா நூல் (2:64). இடிபாடுகளுக்கு நடுவே அவர்கள் மீண்டும் எழுந்த விதம் நமக்கு மூன்று பாடங்களைக் கற்றுத் தருகிறது.

1. முதலில் பலிபீடம்

சுற்றியிருந்த மக்களுக்கு அஞ்சிய நிலையிலும், செருபாபேலும் குரு ஏசுவாவும் முதலில் எழுப்பியது பலிபீடத்தையே (எஸ்ரா 3:2-3). கோவிலுக்கு அப்போது அடித்தளம்கூட இடப்படவில்லை. எல்லாம் சரியான பிறகு செபிப்போம் என்று நாம் தள்ளிப்போடுகிறோம். அவர்களோ செபத்திலிருந்தே தொடங்கினார்கள்.

2. ஆறிப்போன ஆர்வம்

எதிர்ப்பு வந்தபோது கோவில் பணி நின்றது. ஆண்டுகள் உருண்டன. மக்கள் தங்கள் வீடுகளை அழகுபடுத்தினார்கள். ஆண்டவரின் இல்லமோ பாழாய்க் கிடந்தது. கி.மு. 520-இல் இறைவாக்கினர் ஆகாய் இதைச் சுட்டிக்காட்டிக் கடிந்துகொண்டார். மக்கள் செவிமடுத்தார்கள். கி.மு. 515-இல் கோவில் பணி நிறைவுற்றது. பல வேளைகளில் வெளி எதிர்ப்பைவிட நம் சொந்த வசதியே இறைப்பணிக்குப் பெரிய தடையாகிறது.

3. மதிலுக்குள் எழுந்த அழுகுரல்

கி.மு. 445-இல் நெகேமியா எருசலேம் வந்து, மதிலை 52 நாள்களில் கட்டி முடித்தார் (நெகே 6:15). ஆனால் அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஏழைகளின் அழுகுரல் எழுந்தது. உணவுக்காகவும் வரிக்காகவும் அவர்கள் நிலங்களை அடகு வைத்திருந்தார்கள். பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுத்திருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர், சொந்தச் சகோதரர்களே! அந்நிய நாட்டின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்கள், தம் இனத்தாரையே அடிமையாக்கினார்கள்.

நெகேமியா சினம் கொண்டார். சபையைக் கூட்டி, நிலங்களையும் வீடுகளையும் வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தாமும் 12 ஆண்டுகள் ஆளுநருக்குரிய உணவுப்படியைப் பெறவில்லை (நெகே 5:14).

அதன்பின் தண்ணீர் வாயிலருகே எஸ்ரா திருச்சட்டத்தை வாசித்தபோது மக்கள் கேட்டு அழுதார்கள். அழ வேண்டாம், விருந்துண்ணுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது (நெகே 8:10).

அன்புக்குரியவர்களே, நாம் ஆலயம் கட்டுகிறோம், சுற்றுச்சுவர் எழுப்புகிறோம், திருவிழா கொண்டாடுகிறோம். இவை நல்லவையே. ஆனால் அதே பங்கில் ஒரு குடும்பம் வட்டிக்கடனில் தவிக்கும்போது, கடன் கொடுத்தவரும் நம்மோடு ஒரே திருவிருந்தில் பங்கேற்கும்போது, நம் மதில் இன்னும் முழுமை பெறவில்லை. நாம் இன்று யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிந்திப்போம். ஆண்டவர் நம்மையும் மீண்டும் கட்டியெழுப்புவாராக!