கரப்பானும் கடலையும்

பிள்ளைக்குக் கரப்பான் கண்டால் நிலக்கடலையை விலக்குவது, குமாரலிங்கபுரம் முதலான நமது வானம் பார்த்த சீமையின் பழவழக்கு. மேனாட்டு மருத்துவமும் அவ்வாறே உரைத்ததுண்டு. 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஒவ்வாமைக்கு இலக்காகக்கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கடலை ஆகாதென்றது. 2008இல் அக்கூற்றைக் கைவிட்டது.

2015இல் இலண்டன் ஆய்வு உண்மையைத் துலக்கிற்று. கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட 640 மழலையருள், பதினொரு மாதத்திற்குள் கடலையுணவு தொடங்கியோரிடம், விலக்கியோரைவிட ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை மிகவும் அருகியிருந்தது. வெடித்த தோல்வழிப் புகும் உணவுத்துகளை உடல் பகையென்றும், வாய்வழி வருவதை உறவென்றும் கொள்கிறது என்பர் அறிஞர்.

பால்குடி மறக்கச் செய்வதைப் படிப்படியாக நடத்துமாறு ‘கானூன்’ நூலில் இப்னு சீனா (980–1037) பகர்ந்தார். கடலைக்கும் அதுவே நெறி: நைய அரைத்துக் கூழில் சிறிதளவே சேர்க்க. முழுக்கடலை மூச்சையடைக்கும். கரப்பான் கடுமையெனில் மருத்துவரைக் கலந்தே தொடங்குக.